சுமைதாங்கியிலிருந்து எடுத்த மூட்டை

முப்பத்திரண்டு வருஷம் போலீசில் இருந்தவன் நான். பேயைப் பார்த்தேன் பிசாசைப் பார்த்தேன் என்று ஸ்டேஷனுக்கு வந்தவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எவ்வளவு குடித்தாய் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். நடுவில் மட்டும் குறுக்கே பேசாதீர்கள், வரிசை தப்பிவிடும், ஏற்கெனவே தப்பித்தான் கிடக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள். குற்றாலத்தில் மாலை போட்ட சாமிமார் கூட்டம் ஆரம்பித்திருந்தது. என் மகள் கலா தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எட்டு மாதம். மருமகன் ராணுவத்தில், எங்கோ வடக்கே, லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பிரஷர் இறங்கவே இல்லை, முகமெல்லாம் வீங்கிவிட்டது. இன்று ஒரு நாள் பார்ப்போம், குறையவில்லை என்றால் ஆபரேஷன், ரெண்டு உயிருக்கும் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி பேச்சிதான் சொன்னாள்.

"இங்கன நடந்து நடந்து தரையத் தேய்க்கதுக்கு, அணைக்கு மேல எங்க அத்தையோட சுமைதாங்கிக்குப் போயி ஒரு சுமைய இறக்கிட்டு வாங்க. தம்பி சுடலையையும் கூட்டிட்டுப் போங்க."

சுமைதாங்கி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டு, கழுத்து உயரத்துக்கு நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காகப் போடுவது. இறக்கி வைக்காமலே போனவள் அல்லவா, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கினால் அவள் பாரம் குறையும் என்று கணக்கு. பேச்சியின் அத்தைக்குப் போட்ட கல் செங்கோட்டைக்கு மேற்கே, அணையைத் தாண்டி மலைப்பாதையில் இருக்கிறது. அவர்கள் குடும்பத்தில் பிள்ளைத்தாச்சிக்குச் சிக்கல் என்றால் அவள் சேலையில் அரிசியும் தேங்காயும் கட்டித் தலையில் சுமந்துகொண்டு போய் அந்தக் கல்லில் வைத்துவிட வேண்டும். வெறுங்கையோடு இறங்க வேண்டும். மூட்டையைக் குரங்கு எடுத்தாலும் கேட்கக் கூடாது.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். பேச்சி அழுதுகொண்டே மூட்டை கட்டும்போது வேறென்ன செய்ய.

அவள் தம்பி சுடலைமணி கீழப்பாவூரில் விவசாயம் பார்க்கிறவன். பைக்கை அணையடியில் நிறுத்திவிட்டு எட்டரை மணிக்கு ஏறினோம். அணை நிரம்பிக் கிடந்தது. தண்ணீரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே ஏற வேண்டும், பாதை ஒன்றுதான், கிளை கிடையாது. ஏறும்போது மூட்டை என் தலையில்.

"அத்தான், நீங்க சுமந்துட்டு வாரதப் பாத்தா களவாண்ட சாமானோட போற மாதிரில்லா இருக்கு."

"வாய மூடிட்டு, கால்ல அட்டை ஏறாமப் பாத்து வாலே."

ஒரு மணி நேரத்தில் கல் வந்தது. மஞ்சள் பூசிக் கிடந்தது. மூட்டையை வைத்துக் கும்பிட்டோம். அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் சேலையைப் பார்த்தேன். வளைகாப்பில் கலா கட்டியிருந்த அரக்குப் பட்டு. எதிர் மரத்தில் ஏழெட்டுக் குரங்கு. என் சர்வீஸில் ஒரு சாமானை ஆளில்லாத இடத்தில் போட்டுவிட்டு வந்ததில்லை, அந்தப் புத்திதான் என்று நினைக்கிறேன்.

"வச்சுக் கும்பிட்டாச்சுல்லா, போதும். தூக்குலே" என்றேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவா, அத்தான்."

"நீ சொன்னாத்தான தெரியும்."

சுடலை தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், சுடலைதான் தூக்கினான். நான் அவனுக்குப் பின்னால் வந்தேன்.

மூடுபனி இறங்கியது. கார்த்திகையில் மலையில் அது சகஜம். இறங்கும்போது தண்ணீர் இடது பக்கம்தானே இருக்க வேண்டும், எனக்கு வலது பக்கம் கேட்டது. சரி, காது ஏமாற்றுகிறது என்று நடந்தோம். அரை மணி நடந்ததும் எதிரே அதே சுமைதாங்கி. ரெண்டு பேரும் சிரித்தோம். திரும்பி இறங்கினோம். மறுபடியும் அதே கல். நம்பினால் நம்புங்கள், மூன்று தடவை. கடைசித் தடவை சிரிப்பு வரவில்லை. சுடலையின் கழுத்து உள்ளே போய்விட்டது, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றான். மூன்று படி அரிசியும் தேங்காயும்தான் உள்ளே.

டவரே இல்லாத இடத்தில் என் போன் அடித்தது. பேச்சி.

"எங்க இருக்கிய? பிரஷர் எகிறிட்டு, கலாவ உள்ள கொண்டு போயிட்டாவ. சுமைய இறக்குனியளா இல்லியா?"

"இறக்கியாச்சு" என்றேன். லைன் போய்விட்டது.

என் மகள் செத்துப்போவாள் என்று அப்போது தோன்றியது. என்னால்தான் என்றும் தோன்றியது. அதற்கு மேல் நடந்தது எனக்கு ஒழுங்காகப் பிடிபடவில்லை. நாலாவது தடவை கல் தெரிந்தபோது பக்கத்தில் ஒரு பொம்பிளை நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட் வேலைக்குப் போகிற பொம்பிளை மாதிரி, சாதாரணமாக.

"யாரு வீட்டுச் சுமை?" என்று கேட்டாள்.

"கலாவோடது" என்று பதில் போனது.

"இம்புட்டுக் கனத்த எதுக்கு அண்ணாச்சி தூக்கிட்டு அலையுதிய? குடுங்க இப்படி."

ரெண்டு கையாலும் தலையிலிருந்து வாங்கிக் கல்லில் வைத்தாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. முகம் கேட்காதீர்கள். எத்தனை பேரிடம் அடையாளம் சொல்லு, அடையாளம் சொல்லு என்று மிரட்டியிருக்கிறேன், எனக்கு ஒரு மூக்கு, ஒரு நெற்றி கூட நினைவில்லை. "நேரமாச்சு, போங்க" என்றாள். போனோம். பத்தே நிமிஷத்தில் அணை வந்துவிட்டது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி ரெண்டு. ஆபரேஷன் முடிந்திருந்தது. பெண் குழந்தை, கலாவும் பிழைத்துவிட்டாள். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இறக்கி வச்சதுதான், நீங்க இறக்கி வச்சதுதான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாயங்காலம் டீக்கடையில் சுடலையிடம், "உன் தலையில இருந்து அந்தப் பொம்பிளை மூட்டைய வாங்கும்போது எதுவும் சொன்னாளாலே?" என்று கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"என் தலையில எங்க இருந்துச்சு? நீங்கல்லா சுமந்துட்டு வந்திய. நான் பின்னால வந்தேன். உங்க கழுத்தப் பாத்து எனக்கு அழுகையே வந்துட்டு."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. கலாவோடது என்று பதில் சொன்னதும் நான்தானாம். சொன்னவன் அவன், என் காதால் கேட்டேன். தனித்தனியாக உட்கார்ந்து பேப்பரில் எழுதிப் பார்த்தோம். தூக்கிய இடம், நின்ற இடம், அவள் பேச்சு, எல்லாம் ஒன்று போல இருக்கிறது. சுமந்தவன் மட்டும் மாறுகிறான். ரெண்டு சாட்சி பொய் சொன்னால் எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் உண்மை சொன்னால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மறுநாள் காலையில் ரெண்டு பேருக்குமே கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இதையெல்லாம் கூட அலைச்சல், பயம், பனி என்று தள்ளிவிடலாம். தள்ளியும் பார்த்தேன். மூன்றாம் நாள் நர்ஸ் பேத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ரெண்டு கிலோ கூட இல்லை, எடை போட்ட சீட்டு தொட்டிலில் ஒட்டியிருந்தது. வாங்கிய உடனே கருங்கல்லைத் தூக்கின மாதிரி என் கை ரெண்டும் கீழே போய்விட்டது. நர்ஸ் பிடிக்காவிட்டால் போட்டிருப்பேன். வயசாயிட்டுல்லா என்று எல்லாரும் சிரித்தார்கள். சுடலை சிரிக்கவில்லை. அவனிடம் நீட்டினார்கள், சளி பிடித்திருக்கிறது என்று விலகிக்கொண்டான்.

இப்போது அவள் குடுகுடுவென்று ஓடுகிறாள். நல்ல பிள்ளை, ஒரு குறையும் இல்லை. கலா இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்கிறாள், மருமகன் லீவில் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். பேச்சிக்கு இன்றுவரைக்கும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பேத்தி கையை உயர்த்திக்கொண்டு "தாத்தா தூக்கு" என்று வருவாள். நான் முதலில் தரையில் உட்கார்ந்துகொண்டு, பிறகுதான் அவளை மடிக்கு இழுக்கிறேன்.

"நின்னுக்கிட்டுத் தூக்குனா என்னவாம், பிள்ள காத்து மாதிரில்லா இருக்கா" என்று பேச்சி ஏசுவாள்.

சுடலை வந்தால் அவனும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டுதான் அவளைக் கூப்பிடுகிறான். ஏன் என்று நான் அவனைக் கேட்டதில்லை.