தில்லைநாயகம் தேய்த்த பெயர்கள்

துணியில் ஒரு சொட்டு பிராசோ பாலீஷ் விட்டு, பெல்ட் பக்கிளைக் கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே பேசுவார் என் பக்கத்து வீட்டுத் தில்லைநாயகம் அண்ணாச்சி. ஆயுதப்படை ஏட்டு, ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. பெல்ட் எப்போதோ இற்றுப்போய்விட்டது. பக்கிள் மட்டும் தினமும் மின்னியாக வேண்டும். “மூஞ்சி தெரியணும்வே. தெரியலன்னா அது பித்தளையா, தகரம்லா!”

போன வருடம் பெர்லினில் இருக்கும் மகள் ஸ்ரீவித்யா வீட்டுக்குப் போனார். வாசல் நடைபாதையில் உள்ளங்கை அகலத்தில் மூன்று பித்தளைக் கற்கள், பெயர் வெட்டி, கறுத்துக் கிடந்தன. கோயில் தளத்தில் உபயதாரர் பெயரை மிதித்தே வளர்ந்த மனிதருக்கு வேறென்ன தோன்றும்? தெரு போட்டுக் கொடுத்த புண்ணியவான்கள் என்று பத்து நாள் தாராளமாக மிதித்து நடந்திருக்கிறார்.

மகள் பதறிவிட்டாள். “அப்பா, இந்த வீட்ல இருந்த யூதக் குடும்பம்ப்பா. நாஜிகள் பிடிச்சிட்டுப் போய்க் கொன்னுட்டாங்க. அதான் அவங்க வாசல்லயே பேரைப் பதிச்சிருக்கு.” மூன்றாவது கல்லில் ரூத் என்ற பெண்பிள்ளை. இறந்த வருடத்தில் பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தால் நாலு வயது.

மறுநாளே வாளியோடு இறங்கிவிட்டார். பிராசோ கிடைக்கவில்லை, மகளின் சமையலறைப் புளி காலி. வழியே போன ஜெர்மன்காரி ஒருத்தி நின்று பார்த்துக் கண்கலங்கி, காப்பி வாங்கிக் கொடுத்தாளாம். “புளின்னா என்னன்னு அவளுக்கு வெளங்க வைக்கதுக்குள்ள காப்பி ஆறிப்போச்சு” என்று சிரிப்பார்.

தென்காசிக்குத் திரும்பியும் விடவில்லை. ஞாயிறுதோறும் வீடியோ காலில் மேற்பார்வை. “ஏட்டி, ஓரத்துல கருப்பு நிக்கி பாரு. பிள்ள பேர நல்லாத் தேயி!”

மே மாதம் குழாய் வேலைக்காக நடைபாதையைத் தோண்டி, கற்களை எடுத்துப்போய்விட்டார்கள். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. “திருப்பி வைப்பாங்கன்னு மவ சொல்லுதா. நம்மூர்ல தோண்டுன குழிய எவன்வே ஒழுங்கா மூடியிருக்கான்? அந்தப் பிள்ளைக்குன்னு மிச்சம் இருக்கதே அந்தப் பேரு ஒண்ணுதாம்வே.” பாவம், பக்கிளைக்கூட ஒரு வாரம் தொடவில்லை.

போன ஞாயிறு ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். போன் அடித்தது. ஸ்ரீவித்யா கேமராவைத் தரைக்குத் திருப்பினாள். புதுத் தளத்தில் மூன்று கற்களும் இருந்தன.

“வேய், பிள்ள வந்துட்டா!” சுற்றி நின்ற கூட்டமே திரும்பியது. பஜ்ஜியை என் கையில் திணித்தார். அப்புறம், அவ்வளவு சேற்றிலும், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.