தாய்க்கு வைத்த தீ

அலெக்சாண்டரின் படையோடு வந்த கிரேக்கர்கள் எங்கள் பாக்ட்ரா நகரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய மல்யுத்தக் கூடத்துக்கு, உடம்பில் பூசிக்கொள்ளும் ஆலிவ் எண்ணெய் விற்றே பணக்காரன் ஆனவன் வக்ஷுபாகன். பெற்றவள் வைத்த அந்தப் பெயர் நாறுகிறது என்று லிசானியாஸ் எனக் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டான். பழைய பெயரில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், கழுதை.

எங்கள் ஊரில் பிணத்தை நாய்களுக்குக் கொடுப்போம். நெருப்பு எங்களுக்குத் தெய்வம். பிணத்தைப் போட்டு அதைத் தீட்டாக்க மாட்டோம். சாகக் கிடந்த அவன் தாய் கெஞ்சினாள்: "தீயில மட்டும் போட்டுடாதடா. உன் கால்ல வேணா விழறேன்."

"சும்மா கெட. நாய்க்குப் போட்டா, பொணத்தை எரிக்கிற கிரேக்கனுங்க காறித் துப்புவானுங்க."

அவள் செத்ததும் உயர்ந்த எண்ணெயாக ஊற்றி எரித்தான். துக்கத்துக்கு ஒரு கிரேக்கனும் வரவில்லை. மறுநாள் கூடத்துத் தலைவன் மட்டும் வந்தான். "எங்க எண்ணெயையாடா அந்தக் கிழவிக்கு ஊத்தினே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் காய்ச்சலில் இவனும் செத்தான். கிரேக்கர்கள் தங்கள் சுடுகாட்டில் இடம் தரவில்லை. நாங்களும் தொடவில்லை; எதிர்வீட்டில் இருந்த நானே கதவைச் சாத்திக்கொண்டேன். பிணம் வாசலிலேயே கிடந்தது.

கடைசியில் தெருநாய்கள்தான் வந்தன. அவை பெயர் கேட்கவில்லை.