விஸ்டாவை எடுத்த அன்று போகாத மரண நோட்டீஸ்

ஃபிஜியில் எங்கள் ஊர் லம்பாசாவில் பகல் பன்னிரண்டரை மணிக்கு ரேடியோவில் மரண நோட்டீஸ் போகும். கரும்பு வெட்டுகிறவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் அது. கடைத்தெருவில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் நிறுத்துவார்கள். யார் போய்விட்டார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், பிள்ளைகள் யார், அவர்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தியில் படிக்கப்படும். எங்கள் வீடுகளில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் சாவுச் செய்தி இந்தியில்தான் வரும். நோட்டீஸ் முடிந்ததும் பாதிப் பேர் ரேடியோவை அணைத்துவிட்டு, போக வேண்டிய வீட்டுக்குக் கிளம்புவார்கள். தந்தி, தபால் எதுவும் இதற்கு ஈடு கிடையாது.

அந்த ரேடியோவின் லம்பாசா கிளையில் நான் கம்ப்யூட்டர் டெக்னீஷியனாக இருந்தேன். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் இரண்டாயிரமாவது ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அப்படித்தான் எங்களில் பலருக்கு வேலை உயர்வு கிடைத்தது. ஒருவர் விமானம் ஏறுவார், அவர் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். இப்போது இந்தத் துறையில் நுழையும் பிள்ளைகள் சிஸ்டத்தை மாற்றுவது பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

1. போட்டது

2006 டிசம்பரில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு கம்ப்யூட்டர்களுக்குப் புது சிஸ்டமாக விஸ்டா வந்தது. தலைநகர் சுவாவில் இருந்த தலைமை அலுவலகத்தில் இன்னும் பழைய எக்ஸ்பிதான். நான் மட்டும் முந்திக்கொள்ள ஆசைப்பட்டேன். மேனேஜர் ஜேம்ஸ் சாரிடம் போய், ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு விஸ்டா போட்டால் இன்னும் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஓடுற வண்டிய எதுக்குப்பா பிரிக்கிற?"

"சார், உலகமே மாறுது."

"மாறட்டும். நம்ப ரேடியோ நிக்காம இருந்தா சரி."

போட்டேன். மறுநாளே தொல்லை தொடங்கியது. எங்கள் ஒலிபரப்பு சவுண்ட் கார்டை இயக்க விஸ்டாவுக்கான டிரைவர் புரோகிராம் கிடையாது. பொதுவான டிரைவரைப் போட்டு ஓட்டினேன். பாட்டு நடுவில் விக்கும். அதைவிட மோசம், எதைத் தொட்டாலும் திரை இருட்டாகி, இதைச் செய்ய அனுமதி கொடுக்கிறாயா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்.

நோட்டீஸ் படிப்பவர் சரோஜினி அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர். எங்கள் வனுவா லேவு தீவு முழுக்க அவர் குரல் தெரியும். சின்ன வயதில் என்னைக் காவடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் என்பதால், ஆபீஸிலும் என்னை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார்.

"தம்பி, உன் புது மிசின் என்னப் பாத்து, நீ யாரு, பர்மிசன் இருக்கான்னு கேக்குது. ரோட்ல மிலிட்டரிக்காரன் கேக்குறது பத்தலியா?"

செய்தி அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். வழக்கமாக நோட்டீஸ்களை டி டிரைவில் அதற்கென்று இருந்த போல்டரில் சேமிப்பார். விஸ்டா அங்கே சேமிக்க விடவில்லை. "அதனால எல்லாத்தையும் டெஸ்க்டாப்லயே வெச்சிக்கிறேன். அப்பறமா இன்னான்னு பாரு." பார்க்கிறேன் அக்கா என்றேன். பார்க்கவில்லை.

2. எடுத்தது

சில வாரங்களில் எனக்கே புரிந்துவிட்டது. எக்ஸ்பிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அதை ஜேம்ஸ் சாரிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடம் சொன்னால் அன்று மாலைக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அக்கா விடியற்காலையில் வந்து, வந்த நோட்டீஸைப் பதிவு செய்து வைத்துவிட்டு, காலை நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு மதியம்வரை சுவாவிலிருந்து பாட்டு வரும். எங்கள் மிஷினுக்கு வேலை இல்லை. பன்னிரண்டரைக்குத்தான் அது தானாக நோட்டீஸை ஒலிபரப்ப வேண்டும். அந்த இடைவெளி போதும்.

என் வெட்கத்தின் அளவு தெரிய வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். விஸ்டாவோடு வந்த வால்பேப்பர் படத்தை முதலில் ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எக்ஸ்பி போட்ட பிறகு அதே படத்தைத் திரையில் வைத்துவிட்டால், மிஷின் திருந்திவிட்டது என்று அக்கா நினைத்துக்கொள்வார் அல்லவா.

பிறகு பேக்கப். இதற்கு நானே எழுதிய ஒரு சின்ன புரோகிராம், ஒரு பேட்ச் பைல் இருந்தது. ஒரு கிளிக்கில் டி டிரைவின் விளம்பரங்கள், பாட்டுகள், பிறகு சி டிரைவின் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' போல்டர் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யும். டெஸ்க்டாப்பில் உள்ளவை அந்த போல்டருக்குள்தான் இருக்கும். எக்ஸ்பி காலத்தில் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன், ஒரு பைல்கூட விட்டதில்லை. என் ஒழுங்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

விஸ்டாவில் அந்தப் பெயரில் போல்டர் கிடையாது. பழைய புரோகிராம்கள் வழி தவறாமல் இருக்க, அந்தப் பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகை மட்டும் வைத்திருப்பார்கள். உள்ளே போனால் தடுத்துவிடும். உண்மையான பைல்கள் 'யூசர்ஸ்' என்ற வேறு போல்டரில் இருக்கும். இதை நான் படித்தும் இருந்தேன். பேட்ச் பைல் ஓடி முடிந்தபோது, கறுப்புத் திரையின் கடைசி வரியில் 0 பைல் காப்பி ஆனது என்று தெளிவாக எழுதியிருந்தது. என் கண் அதன் மேல் போனது. ஆனால் கை அதற்குள் விண்டோவை மூடிவிட்டது.

எக்ஸ்பி சிடியைப் போட்டு சி டிரைவை பார்மேட் செய்தேன்.

3. பன்னிரண்டரை

எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. டிரைவர் ஏறியது, ஒலிபரப்பு புரோகிராம் திறந்தது, வால்பேப்பரையும் மாட்டினேன். பன்னிரண்டரைக்கு மிஷின் நோட்டீஸ் பட்டியலைத் தேடியது, ஒன்றும் இல்லாததால் பாட்டுக்குப் போனது. பாட்டு விக்கவே இல்லை. அந்தச் சுத்தமான ஒலியைக் கேட்டு நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இன்று லம்பாசாவில் யாருக்கும் சாவு இல்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

போன் அடித்தது. சரோஜினி அக்கா, வீட்டிலிருந்து.

"தம்பி, ஆறுமுகம் மாமா எங்கடா?"

"யாரு அக்கா?"

"புலிலேகா ஆறுமுகம். ராத்திரி தவறிட்டாரு. காலையில அவரு பொண்ணு லலிதா மொத பஸ்ல வந்து சொல்லிட்டுப் போச்சு. நான் ரெக்கார்ட் பண்ணி வெச்சிட்டுத்தானே வந்தேன். மூணு மணிக்கு எடுக்கறாங்க. ஏன் பாட்டு பாடுது?"

வெளி டிஸ்க்கைத் திறந்தேன். வெறுமையான ஒரு போல்டர். காணாமல் போன பைல்களை மீட்கும் புரோகிராமை ஓட்டினேன். பார்மேட் செய்து மேலே எக்ஸ்பியை எழுதியாகிவிட்டது. என்ன வரும்? விஸ்டாவிலிருந்து நான் காப்பாற்றியது ஒரு வால்பேப்பர் படம் மட்டும்.

அக்கா டாக்ஸி பிடித்து வந்தார். வந்ததும் திரையைப் பார்த்தார். மூலையில் எக்ஸ்பியின் பச்சை ஸ்டார்ட் பட்டன்.

"இது எப்ப மொளச்சுது?"

நான் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நினைவில் இருந்ததை வைத்து மைக்கில் நேராகப் படித்தார். பெயர், ஊர், மூன்று மணி, ஆற்றங்கரைச் சுடுகாடு. பிள்ளைகள் இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருவர் சிட்னி, ஒருவர் கனடா. அவர்கள் பெயர் அக்காவுக்கு நினைவு வரவில்லை. லலிதா வீட்டில் போன் கிடையாது. "அவர் பிள்ளைகள்" என்று மட்டும் படித்தார். அப்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. வெட்டுக்காரர்கள் வயலுக்குள் திரும்பப் போய்விட்டிருந்தார்கள்.

ஜேம்ஸ் சார் அறைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே போனில் இருந்தார். புலிலேகாவிலிருந்து ஆறுமுகத்தின் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"மேல இருந்து ஆர்டர், மிலிட்டரி நிறுத்திட்டாங்கன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பேசாத."

"சார், நான்தான்..."

"தெரியும்பா. சரோஜினி மூஞ்சப் பாத்தாலே தெரியுது. இப்போ மிலிட்டரின்னு சொன்னா எவனும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டான். கரண்ட் போனா மிலிட்டரி, பஸ் வரலன்னா மிலிட்டரி. இதையும் சேத்துக்கோ."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அலுவலக வேனின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு புலிலேகாவுக்குப் போனேன்.

4. புலிலேகா

வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஊர்ச் சங்கத்திலிருந்து கடன் வாங்கிய பெஞ்சுகள். பெரும்பாலும் காலியாக இருந்தன. அக்கம்பக்கத்து ஆண்கள் சிலர், ஒரு கிழவர், பூசாரி. வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் யாங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வைத்த பாத்திரம் நிறையவே இருந்தது. கூட்டம் வரும் என்று கரைத்தது. ஆறுமுகத்தின் சொந்தக்காரர்கள் எல்லோரும் தொலைவில் சேயாங்காங்கா பக்கம். அவர்களுக்கு ரேடியோவை விட்டால் வேறு வழி இல்லை.

மூன்று மணியைத் தள்ளிப் பார்த்தார்கள். பஸ் ஒன்று வந்தது. ஒரே ஒரு பெண்மணி இறங்கினாள். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று பூசாரி சொன்னார். பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபிஜிப் பூர்வகுடிக் கிராமத்திலிருந்து இரண்டு பேர், வேட்டி மாதிரி சுலு கட்டிக்கொண்டு, கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். பின்பக்கம் ஒரு மூலையை நான் பிடித்தேன். நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. வந்தவன் என்பதே அன்று போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்ததும் லலிதாவிடம் போனேன். என் சட்டைப் பையில் ரேடியோவின் பெயர் தைத்திருந்தது. அவளே முந்திக்கொண்டாள்.

"நீங்க ரேடியோக்காரங்களா அண்ணா? அவ்ளோ தூரம் வந்தீங்களே. நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். மிலிட்டரிக்காரன் சொன்னா கேட்டுத்தானே ஆவணும்."

"மிலிட்டரி இல்லம்மா. நான்தான். கம்ப்யூட்டர்ல பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டேன். உங்க நோட்டீஸை எடுத்து வைக்காமலே அழிச்சிட்டேன்."

அவளுக்குச் சிஸ்டம் புரியவில்லை. அழித்துவிட்டேன் என்பது புரிந்தது. பெஞ்சில் இருந்த கிழவர் யாங்கோனா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அட, மொத தடவையா அவனுங்க பண்ணாத ஒண்ணுக்கு அவனுங்களத் திட்டிட்டோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அழிக்கறதுக்கு முந்தி, சரோஜினி அக்காவ ஒரு வார்த்த கேக்கலியா?" என்றாள் லலிதா.

"கேக்கல."

"ஏன்?"

பழையதற்குத் திரும்புகிறேன் என்று தெரிந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அந்த வாசலில், அந்தக் காலி பெஞ்சுகளுக்கு நடுவில், இதைச் சொல்ல முடியவில்லை.

"எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் அங்க கம்ப்யூட்டர்ல நம்ப ரேடியோவ வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்க" என்றாள். "வர முடியாதுல்ல. டிக்கெட்டு இல்ல, லீவு இல்ல. பேர் படிக்கும்போது எழுந்து நிக்கறோம்னு பக்கத்து வீட்டு போன்ல சொன்னாங்க. பெரியவன் வெள்ள வேட்டி கட்டிக்கினு உக்காந்தானாம்."

திட்டியிருக்கலாம். அவள் உள்ளே போய், எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

5. பதினாறாம் நாள்

மறுநாள் ஜேம்ஸ் சாரிடம் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டது மிலிட்டரிக் கதையை நான் உடைத்ததற்காக. சரோஜினி அக்கா அதற்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். மறுபடி எப்போது கிண்டல் செய்வார் என்று நான் எவ்வளவோ காத்திருந்தேன்.

வேலை முறையை மாற்றினேன். பேட்ச் பைல் முடிந்ததும் விண்டோ மூடாமல் நிற்கும்படி எழுதினேன். காப்பி ஆன பைலை இன்னொரு மிஷினில் திறந்து பார்க்காமல் எதையும் பார்மேட் செய்வதில்லை. இவை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஒன்று: சிஸ்டத்தில் கைவைப்பதற்கு முன் செய்தி அறையின் நடுவில் நின்று, "இதை நான் எடுக்கப் போறேன், பழசையே போடப் போறேன், இன்னைக்கு இதுல யார் என்ன வெச்சிருக்கீங்க?" என்று உரக்கக் கேட்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நோட்டீஸ் கொடுக்க லலிதா வந்தாள். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் செய்யத் தயாரானார்.

"அதுல வேணாம் அக்கா" என்றாள் லலிதா. "பேப்பர்ல எழுதுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சிட்னியில் இருக்கும் மூத்த மகன் தேவராஜ், கனடா எட்மன்டனில் இருக்கும் இளைய மகன் சுரேஷ். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னொரு தடவை என்றாள். படித்தேன்.

"இப்போ இத எங்க வெப்பீங்க?"

மைக்குக்கு முன்னால் கிளிப் போட்டு மாட்டிக் காட்டினேன். தலையை ஆட்டினாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். வரவேற்பறைக்குப் போய், ஸ்பீக்கருக்குக் கீழே இருந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றாள். நோட்டீஸுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தைக்கு என்னிடம் மதிப்பு எதுவும் மீதமில்லை என்று உறைத்தது.

அக்கா அன்று வீட்டுக்குப் போகாமல் இருந்து, பன்னிரண்டரைக்கு நேராகத் தாளைப் பார்த்துப் படித்தார். தேவராஜ் என்ற பெயர் ஸ்பீக்கரில் வந்தபோது லலிதா எழுந்து நின்றாள். சுரேஷ் என்ற பெயர் முடியும்வரை நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வினாகா அண்ணா" என்று ஃபிஜி மொழியில் நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.