கும்மென்று மணக்கும் ஒட்டகச்சிவிங்கி

பொம்மைக் கடையில் விளையாடுகிறவரிடம் காசு இருக்காது, காசு வைத்திருக்கிறவருக்கு விளையாடத் தெரியாது. நடுவில் நின்று அழுகையையும் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொள்வது நாம்.

'நாம்' என்று உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்காவது ஒரு கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று கேட்டுப் பல்லைக் கடித்தவராகத்தான் நீங்களும் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு நல்ல சிரிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தர மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, கொடைக்கானல் ஏரிச் சாலையில் எங்கள் சூசை மாமாவின் பொம்மைக் கடையில் ஒரு சீசன் முழுக்க நின்றவள் நான். அங்கே கற்ற முதல் வித்தையே அதுதான்: கேட்ட உடனே சரக்கை எடுத்துக் காட்டிவிடக் கூடாது.

தைலக்கார மூக்கு

மாமா ஆதியில் பொம்மை வியாபாரி இல்லை. பல வருசம் யூகலிப்டஸ் தைலம் விற்றவர். அந்த வியாபாரத்தில் மூக்குதான் தராசு. மூடியைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தால் அசல், வராவிட்டால் கலப்படம். பிறகு கடை மாறியது, மூக்கு மாறவில்லை. ரப்பர் மாதிரி வளைகிற வாத்து, மீன், ஒட்டகச்சிவிங்கி எது வந்து இறங்கினாலும் முதலில் மோந்து பார்ப்பார். நெடி கூடினால் முதல் தரம். "மணம் போயிரும் புள்ள, கவரை இறுக்கி முடிச்சு போடு" என்று வெள்ளனே ஆரம்பித்துவிடுவார். பனிக்குப் பயந்து கதவைச் சாத்தி வைக்கும் நாட்களில் கடைக்குள் நிற்பதும் புதுச் செருப்புக்குள் தலையை விட்டு நிற்பதும் ஒன்றுதான்.

ஒருநாள் திருப்பூரிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். மாமா வழக்கம்போல ஓர் ஒட்டகச்சிவிங்கியின் கவரை அவிழ்த்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டி, ஓர் அமுக்கு அமுக்கினார். 'பீப்' என்ற சத்தத்தோடு உள்ளே இருந்த காற்றெல்லாம் அவர் முகத்தில். "பாத்தீங்களா சார், கும்முன்னு! இன்னிக்கு எறங்குன சரக்கு!" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார். அந்த அண்ணன் அடுக்குத் தும்மல் போட்டு முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இது பொம்மைங்களா, பெயிண்டு டப்பாங்களா?"

எச்சில் பட்டால் விற்றாயிற்று

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எழுதிப் போட்டதில்லை, மாமா முகத்திலேயே இருக்கும். கைக்குழந்தை எதை வாயில் வைத்ததோ அது விற்றாயிற்று. பெற்றோர் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு விலை கேட்கிற நேரத்தில், மாமா நைசாக ஒரு வாத்தைக் குழந்தையின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஆட்டுவார். அது கவ்வும். உடனே மாமா, "அய்யய்யோ, பாப்பா கடிச்சிருச்சே!" என்று பதறுவார். அந்தப் பதற்றத்தைப் பார்த்தால் நமக்கே கண் கலங்கும். எனக்குக் குரல் மாற்றுகிற கிறுக்கு எந்தப் பக்கத்து ரத்தம் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் மதுரையிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் இந்தச் சட்டம் செல்லவில்லை. குழந்தை வாத்தைக் கடித்துவிட்டது. மாமா, எச்சில் பட்டதை இனி யாருக்கும் விற்க முடியாது என்று நியாயம் பேசிக்கொண்டே போகிறார். அக்கா பொறுமையாகக் கேட்டது. வாத்தை முந்தானையில் துடைத்து மேசையில் வைத்தது. பிறகு கன்னத்தையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னது: "எச்சி பட்டா எடுத்துக்கிறணுமுன்னா, இம்புட்டு நேரம் நீங்க பேசிப் பேசி எம் மேல தெறிச்சதுக்கு ஒங்களத் தூக்கிட்டுப் போகவா?"

(இதுவா அந்தச் சிரிப்பு என்று கேட்காதீர்கள். இல்லை. பொறுங்கள்.)

கவுஞ்சிக்காரர்

பக்கத்து மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த ஒருவர், மகளுக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்று நுழைந்தார். மாமா அவருக்கும் ஓர் அமுக்கு. அவர் தும்மவில்லை. இன்னொரு தடவை அமுக்கச் சொல்லி நன்றாக இழுத்து மோந்தார். மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ரசிகர் கிடைத்துவிட்டார் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க காட்டுல மருந்தடிச்ச அன்னிக்கு இதே வாசந்தாண்ணே. அன்னிக்கு மட்டும் புள்ளைகளை வீட்ட விட்டு எறக்க மாட்டோம்."

கோயம்புத்தூர் டாக்டரம்மா

மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஓர் அம்மா குழந்தையோடு வந்தார். குழந்தை என் கண் முன்னாலேயே ஓர் ஒட்டகச்சிவிங்கியின் காதைக் கவ்வியது. அந்த அம்மா அதை மெதுவாகப் பிடுங்கி, மோந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐ.எஸ்.ஐ முத்திரை எங்கம்மா?" என்றார். நான் கவரில் தேடினேன், காலுக்கடியில் தேடினேன், இல்லை. அவர் கோயம்புத்தூரில் குழந்தை டாக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. கோபப்படவில்லை. விளக்கினார். இந்த மாதிரி மெத்து பிளாஸ்டிக்கை வளைய வைக்க தாலேட்டு என்று ஒரு வகை ரசாயனம் சேர்ப்பார்களாம். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு இருக்காது. எச்சிலில் ஊற ஊறக் கசிந்து குழந்தையின் வயிற்றுக்குள் போகும். அதில் சில வகைகள் ஹார்மோனின் வேலையைக் கெடுக்கும். மணம் இல்லாததெல்லாம் நல்லது என்றும் நம்பிவிடாதே, முத்திரையைப் பார், வாயில் வைக்கிற வயசுக்கு ஆனதா என்று பார் என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏன் என்றால் குரல் மாற்றி ஏமாற்றுவது என் தொழில். ஹார்மோன் என்பது உடம்புக்குள் போகிற போன்கால். வளரு, நில்லு, இப்போ இதைச் செய் என்று சேதி சொல்லும். இந்த ரசாயனங்களில் சிலது அதே குரலில் மிமிக்ரி பண்ணும், சிலது நிஜக் குரல் கேட்காதபடி லைனை அறுக்கும். உடம்பு பாவம், யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் சரிங்க சரிங்க என்று தலையாட்டும். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து, எச்சில் பட்ட ஒட்டகச்சிவிங்கிக்கு உரிய காசை வைத்துவிட்டு, அதை எங்கள் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, அந்த அம்மா சொன்னார்: "ஒங்க கடைல கொழந்தை பொம்மைய கடிக்கலீங்கம்மா, பொம்மைதான் கொழந்தைய கடிக்குது."

சிரிக்காமல் சொன்னது

இதை மாமாவிடம் சொல்ல வேண்டிய அவசரம் எனக்கு இருந்தது. ஜெனிட்டா மதினி, அதாவது மாமாவின் மகள், குழந்தையோடு வரப்போகிறாள். ஆரோனுக்குப் பல் முளைக்கிற நேரம். கையில் கிடைத்ததையெல்லாம் ஈறால் அரைக்கிற பருவம். மாமா தன் முதல் பேரனுக்காக, இறங்கியதிலேயே அதிக நெடி உள்ள ஒட்டகச்சிவிங்கியைப் பொறுக்கி, கவருக்கு மேல் கவர் போட்டு, கல்லாப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

சொன்னேன். தாலேட்டு, எச்சில், ஹார்மோன், முத்திரை எல்லாம் சொன்னேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. போன வாரம்தான் பக்கத்துக் கடைப் போனிலிருந்து நகராட்சி அதிகாரியின் குரலில் கூப்பிட்டு, "ஒங்க கடை முன்னாடி குதிரை கட்ட எடம் ஒதுக்கியிருக்கு, வெரசா கூட்டி வைங்க" என்று சொல்லி, மனுசனை விளக்குமாறும் கையுமாக வாசலில் நிற்க வைத்திருந்தேன். அவர் போனில் என் நம்பரே 'கொரங்கு' என்றுதான் இருக்கிறது. "மாமா, சத்தியமா நெசம்" என்றேன். மாமா கல்லாச் சாவியை அரைஞாணில் செருகிக்கொண்டே சொன்னார்: "ஏ புள்ள, நீ சிரிக்காமச் சொல்ற மொத விசயம் இதுதான். அதான் எனக்குச் சந்தேகமாக் கெடக்கு."

ஊர் உலகம் பேசியது

என் குரலுக்கு மதிப்பில்லை. சரி, மதிப்புள்ள குரல்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். காலேஜுக்கு என்று அம்மா வாங்கிக் கொடுத்திருந்த புது சிம் மாமாவுக்குத் தெரியாது, பேர் பதியாத நம்பர்களை அவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை. செண்பகனூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டு, முதலில் சென்னை வேன் டிரைவர் ஆனேன்: "சார், வண்டி ஃபுல்லா ஃபேமிலி கீது. ஸ்மெல் இல்லாத பொம்மை கீதா உங்களாண்ட?" அடுத்த நாள் திருநெல்வேலி வாத்தியார்: "என்னய்யா கடை வச்சிருக்கீரு? முத்திரை இல்லாத பொம்மைய எவன் வாங்குவான்?" கடைசியாக என் சொந்த ஆசைக்கு, கோயம்புத்தூர் டாக்டரம்மா: "ஏனுங்ணா, கொழந்தை டாக்டர் பேசுறனுங்க. நெடியடிக்கிற ரப்பர் பொம்மை வேணாமுங்க. வாயில வெக்கிற கொழந்தைக்கு மரத்துல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? நாங்க நெறய பேரு வர்றோமுங்க."

மறுநாள் டவுன் பஸ்ஸில் இறங்கிக் கடைக்குப் போனால் மாமா போனும் கையுமாக மொத்த வியாபாரியிடம் மரச் சாமான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நாளில் முத்திரை போட்ட கிலுகிலுப்பையும் மர வளையமும் வந்து இறங்கின. வேன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவமாகத்தான் இருந்தது. கல்லாப் பெட்டிக்குள் இருக்கிற ஒட்டகச்சிவிங்கியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதை மட்டும் மாமா அசைக்கவில்லை. மர வளையத்தை மோந்து பார்த்து, ஒன்றுமே இல்லை என்று உதட்டைப் பிதுக்கிச் சொன்னார்: "ஊருல அம்புட்டுப் பேருக்கும் மூக்கடைச்சுப் போச்சு போல. விக்கிறது விக்கட்டும், எம் பேரனுக்கு ஒரிஜினல்தான்."

டாக்டரம்மா லைனில் இருக்கிறார்

மதினி வந்த அன்று நல்ல பனி. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக ஆரோன் மாமாவின் மடியில் உட்கார்ந்து, எச்சில் ஒழுக மாமாவின் சட்டைப் பித்தானை அரைத்துக்கொண்டிருந்தான். மாமா கல்லாவைத் திறந்தார். கவர் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மணம் கடை முழுக்க வந்தது. நான் கரடி பொம்மைகளை அடுக்குகிற சாக்கில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று தவித்தேன். அப்போது மாமா எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ஒட்டகச்சிவிங்கியை மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்து, யாருக்கோ போட்டார். என் ஸ்வெட்டர் பைக்குள் புது சிம் போட்ட போன் அதிர்ந்தது. நான் கரடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"அலோ, டாக்டரம்மாங்களா? கொடைக்கானல் பொம்மைக் கடை சூசை பேசுறேம்மா."

"சொல்லுங்ணா" என்றேன், வாயைக் கையால் மூடி.

"வியாபாரச் சோலி இல்லம்மா. வீட்டு விசயம். பேரன் வந்துருக்கான். எதக் குடுத்தாலும் வாய்க்குத்தான் போகுது. எங்கிட்ட ஒரு ஒட்டகச்சிவிங்கி கெடக்கு, நீங்க வேணாமுன்னு சொல்ற வகைதான். ஆசையா எடுத்து வச்சேன். குடுக்கவும் மனசு வரல, குடுக்காம இருக்கவும் மனசு வரல. ஒரு தடவை குடுத்தா ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

இவ்வளவு மெல்லிய குரலில் மாமா பேசி நான் கேட்டதே இல்லை. மிமிக்ரி பண்ணக்கூடத் தோன்றவில்லை. தொண்டையைச் சரி செய்துகொண்டு, "ஒரு தடவையோட கொழந்தை விடுமுங்களாண்ணா? தெனமும் மெல்லுமுங்க. எச்சில்ல ஊறி ஊறி..." என்று சொல்லிக்கொண்டே கரடிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால், ஆரோன் மேசை மேல் எக்கி, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பிடித்து, காதை வாயருகே கொண்டுபோய்விட்டான்.

"மாமா, புடுங்குங்க! வாயில வைக்கப் போறான்!"

மாமா ஒரு காதில் அதைப் போன் வழியாகக் கேட்டார். இன்னொரு காதில் கரடிகளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். கை தானாக ஒட்டகச்சிவிங்கியைப் பிடுங்கிவிட்டது. ஆரோன் வீறிட்டான். மாமா எழுந்து வந்து ஒரு கரடியைத் தூக்கினார். கீழே நான், காதில் போனோடு. சென்னை டிரைவர், நெல்லை வாத்தியார், வராத வேன், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவது தெரிந்தது. திரும்பிக் கையிலிருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

மாமா மெதுவாக நடந்து போய், ஒரு மர வளையத்தை எடுத்து ஆரோன் கையில் கொடுத்தார். அது நேரே வாய்க்குப் போனது, அழுகை நின்றது. ஒட்டகச்சிவிங்கியைக் கடைசியாக ஒரு தடவை மோந்து பார்த்து, கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டியில் வைத்தார். பிறகு, இன்னும் துண்டிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே மரியாதையாகக் கேட்டார்: "டாக்டரம்மா, ஒங்க கிளினிக்கு எங் கரடிக்குப் பின்னாடியா இருக்கு?"

உங்களுக்கு எடுத்து வைத்திருந்த சிரிப்பு இதுதான்: ஊரார் குரலிலெல்லாம் உண்மையைச் சொல்லி ஒரு கடையையே மாற்றியவள், சொந்தக் குரலில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் என் சர்வீஸ்.