அண்ணன் போனில் எடுத்த படங்கள்

அன்புடையீர்,

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இச்சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். வாங்கியதும் எல்லோரும் முதலில் அட்டையைத்தான் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் முகத்தையும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மோவாய் பெரிதாக, ஒரு காது படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணன் இருக்கிறார். ஊரெல்லாம் படம் பிடித்துக் கொடுத்த மனிதருக்கு ஒரு நல்ல படம் கிடைக்கவில்லையா என்று யாராவது முணுமுணுக்கக் கூடும். அச்சகத்தில் இருந்தவரும் அதையேதான் கேட்டார். "கோட்டு ஒண்ணு போட்டுடலாம்மா. மூஞ்சியும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுக்கறேன்" என்றார். அண்ணன் தம் வாழ்நாளில் கோட்டு போட்டவரில்லை. எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, மாதிரித் தாளை மூன்று முறை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது முறையும் கன்னத்து மச்சத்தை எடுத்திருந்தார்கள். திரும்ப வைக்கச் சொல்லி அங்கேயே நின்றேன்.

நான் அப்படித்தான். சந்தேகப்படுவது என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். பொருள் நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட அங்கே ஆள் வைக்கவில்லை. கீறல் எங்கே, ஓட்டை எங்கே என்று தேடத்தான் சம்பளம். அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியாது. அண்ணனின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுதும்போது இதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்ணன் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தார்கள். அத்திப்பட்டுப் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நைனா எங்களை இந்தப் பக்கம் அழைத்து வந்தார். வந்த நாலாம் வருடம் அவர் காலமானார். அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, எனக்கு ஒன்பது. காலையில் பேப்பர் போட்டு, சாயங்காலம் சைக்கிள் கடையில் நின்று, ஐ.டி.ஐ. முடித்து, இரும்பு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஆபரேட்டர் ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். தமக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கிய ஒரே பொருள் ஒரு பிலிம் கேமரா.

அதை வேறு யாரும் தொட முடியாது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எங்களை வெயிலில் நிற்க வைத்து உயிரை எடுப்பார். "மூணு சொல்லசொல்ல எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே அமுக்கிவிடுவார். மூன்றுக்கு எல்லோரும் விறைத்துக்கொள்வார்களாம். உங்களில் பலர் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் காதுகுத்தும் சீமந்தமும் அண்ணன் இரண்டில் அமுக்கியவைதான். பிறகு ரோல் கிடைப்பது அரிதானபோது டிஜிட்டல் கேமரா வாங்கினார். அதிலும் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை இருக்கிறதா என்று நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்கினார்.

போன் கேமராவை மட்டும் அவர் நம்பவே இல்லை. நாங்கள் யாராவது போனைத் தூக்கினால் போதும், ஆரம்பித்துவிடுவார். "கைய நீட்டிக்கினு புடிக்கிறதெல்லாம் ஒரு படமா பாப்பா? கண்ண வெச்சிப் பாக்கணும். இது தானா வெளுப்பாக்குது, தானா பருவ அழிக்குது. நம்ம மூஞ்சிய நம்மகிட்டயே ஏமாத்துது" என்பார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒரு பொங்கலுக்குக் கேமரா இல்லாமல் வந்தார். கையில் புது போன். கேமரா எங்கே என்று கேட்டேன். பீரோ மேலே ஏற்றிவிட்டார் என்று அண்ணி சொன்னார். "அது கனமா கீது பாப்பா" என்றார் அண்ணன். இருபத்தைந்து வருடம் தோளில் கனக்காத கேமரா இப்போது மட்டும் எப்படிக் கனக்கும்? அதே சமயத்தில் அவர் கிரேனை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் வாங்கியிருந்தார். மேலே ஏறி இறங்க முட்டி வலிக்கிறது என்றார். முட்டி வலிக்கிறவர் ரயில் நிலைய மேம்பாலம் ஏறி வாராவாரம் என் வீட்டுக்கு எப்படி வருகிறார் என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். ஒன்றுக்கு இரண்டாகக் கதை சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். அண்ணன் வீடு பொன்னேரியில். ஞாயிறு தவறாமல் மின்சார ரயிலில் வந்து அம்மாவோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் செய்ததையெல்லாம் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வந்ததும் கைக்குட்டையால் போனின் லென்ஸைத் துடைப்பார். அம்மாவின் முகத்தை எடுப்பார். வீங்கிய காலை எடுப்பார். மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் எடுப்பார். சாப்பாட்டுத் தட்டை எடுப்பார், வாசல் படியை எடுப்பார். எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூக்கு படும் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். யாருக்கும் அனுப்பியதில்லை, எங்களுக்குக் காட்டியதும் இல்லை.

எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. நான் அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நாளைக்கு நாலு பேருக்கு முன்னால் காட்ட அண்ணன் ஆதாரம் சேர்க்கிறார். அம்மாவைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். அம்மா இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் தரை துடைத்தேன். மாத்திரை டப்பாவைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். தட்டில் மூன்று பொரியல் வைத்தேன். "இன்னாடி, வாராவாரம் கல்யாணமா?" என்று அம்மாவே கேட்டார்.

ஒரு ஞாயிறு, சங்கரா மீன் குழம்பு. அண்ணன் தட்டைப் படம் எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்குண்ணா சோத்த போட்டோ புடிக்கிற? நான் இன்னா போடறேன்னு ஊருக்குக் காட்டவா?"

"சும்மாதான் பாப்பா."

"சும்மா ஒருத்தரு மாத்திர அட்டைய புடிப்பாரா? அம்மா கால புடிப்பாரா? யாருக்குண்ணா காட்டப் போற?"

அம்மாதான், "உடுடி, சாப்புடசொல்ல இன்னா பேச்சு" என்றார்.

"என் ஊட்டுக்குள்ள இனிமே போன வெளிய எடுக்காத. அவ்ளோதான்" என்றேன்.

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். "சரி பாப்பா" என்றார். அதற்குப் பிறகு மீனைத் தொடவில்லை, வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். மோர் ஊற்றியது டம்ளருக்கு வெளியே போனது. கிளம்பும்போது ஒரு காலில் தம் செருப்பும் இன்னொரு காலில் என் வீட்டுக்காரர் செருப்புமாகப் போனார். கோபம் தலைக்கேறிவிட்டது, செருப்புக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறு வந்தார். வீட்டுக்குள் போனை எடுக்கவில்லை. அம்மா, "நான் எளச்சிட்டனாடா?" என்று கேட்டால், அம்மாவின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் கீறம்மா" என்பார். முகத்தைப் பார்த்துப் பேசக்கூட மனமில்லையா என்று அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். ஐந்தாவது ஞாயிற்றுக்கு மறுநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்டோரில் அவரோடு வேலை செய்த பாஸ்கர் அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "அவரு போனு பத்திரமா கீதாம்மா?" என்று கேட்டார். துக்கத்துக்கு வந்தவர் போனை எதற்கு விசாரிக்கிறார்? அதில் இவருக்கு என்ன இருக்கிறது?

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"அதாம்மா அவருக்குக் கண்ணு. லென்ஸ் மேல ஒரு தூசி ஒக்கார உட மாட்டாரு."

எனக்குப் புரியவில்லை. அவருக்கு என் முகத்தைப் பார்த்ததும்தான் சங்கடம் வந்தது. "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? சக்கர வந்து மூணு வருசமாவே கண்ணு சரியா தெரியாதும்மா. கிரேன்ல இருந்தா கீழ நிக்கறவன் உசுரு போயிடும்னு அவரேதான் மேனேஜராண்ட போயிச் சொல்லி எறங்கிக்கினாரு. ஸ்டோர்ல சீட்ட நான் படிப்பேன். எந்த ரேக்ல இன்னா கீதுன்னு மனப்பாடமா வெச்சிக்கினு அவரு எடுத்துக் குடுப்பாரு. கேட்டுல உள்ள போசொல்ல போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க இல்ல, வெளிய வந்ததும் மொத வேல அத்த பிச்சி, தேங்கா எண்ண தொட்டுப் பசைய தொடைப்பாரு. அப்புறம் பஸ்ஸு போர்ட போட்டோ புடிச்சிப் பெருசாக்கிப் பாத்துத்தான் ஏறுவாரு."

உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று என் கம்பெனி வாசலிலும் அதே ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறார்கள். நான் அதைப் பிய்த்து டிபன் பையில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவேன்.

அண்ணியிடம் போய் நின்றேன். அண்ணிக்கு எல்லாம் தெரியும். சென்னையில் கண்ணுக்கு ஊசி போட்டது, லேசர் வைத்தது, இதற்கு மேல் முடியாது என்று மருத்துவர் சொன்னது எல்லாம் தெரியும். "அத்தைக்குத் தெரிஞ்சா சோறு எறங்காதுன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ நம்ப மாட்டியாம். நாலு டாக்டராண்ட இழுத்துக்கினு போயி நாலு பேரோடயும் சண்ட போடுவியாம்" என்று சொல்லி அழுதார். அண்ணன் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனைக் கொடுங்கள், நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ரயில் நிலையப் பலகைகள். பஸ் நெற்றிகள். கல்யாணப் பத்திரிகைகள். செய்தித்தாளில் ஒவ்வொரு பத்தியாக எடுத்த படங்கள். என் வீட்டு வாசல் படி, மூன்று படியும் தனித்தனியாக. மீன் வைத்த தட்டு. அது அம்மாவின் தட்டு இல்லை, அவருடைய தட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் சங்கராவின் முள் ஒவ்வொன்றும் தெரிகிறது. அம்மாவின் முகம் வாரம் ஒன்றாக இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் இருக்கிறேன், எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டு. தினமும் காலையில் சவரம் செய்துவிட்டு எங்கே விட்டுப்போயிற்று என்று பார்க்கத் தம் முகத்தையே எடுத்த படங்களும் நிறைய. உங்கள் கையில் உள்ள அட்டைப் படம் அதில் ஒன்று. காதோரம் கொஞ்சம் நுரை இருக்கிறது பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லத் தைரியம் வர இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டுவிட்டு, "அதான் என் மொவத்த அவ்ளோ நேரம் பாத்தானா" என்றார். ஐந்து வாரம் அதைப் பார்க்க விடாமல் செய்தவள் நான். இதை எந்தத் தட்டிலும் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை. அண்ணா, என்னை மன்னித்துவிடு என்று சொல்ல இந்த மலர்தான் எனக்குக் கிடைத்தது.

அன்று ஆட்டோ பிடித்து ஓடிய பொன்னேரி அக்கம்பக்கத்தாருக்கும், மூன்று வருடம் அண்ணனுக்குச் சீட்டுப் படித்துச் சொன்ன பாஸ்கர் அண்ணனுக்கும், அவரை மரியாதை குறையாமல் வைத்திருந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், ரயிலில் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்ட பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும், எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தாங்கிய அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று யார் போனை நீட்டிப் படம் எடுத்தாலும் நான் எதற்கென்று கேட்கமாட்டேன். முறைக்காமல் நிற்கவும் முயல்கிறேன். சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அண்ணனே நம்பமாட்டார்.

பின் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் போனை எடுக்காதே என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அண்ணன் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அந்த ஐந்து ஞாயிறும் கிளம்பிப் போகையில், கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று, வாசல் நிலைக்கு உள்ளே உட்கார்ந்து கையாட்டும் அம்மாவை ஒரு படம் எடுத்திருக்கிறார். நாலு படத்தில் அம்மாவின் முகம் நன்றாக இருக்கிறது. பின் அட்டையில் இருப்பது ஐந்தாவது. பாதிக்கு மேல் கதவுதான் தெரிகிறது, வேண்டாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நான்தான் போடச் சொன்னேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே தெரிவது அம்மாவின் கை. கதவின் மேல் இருக்கும் கை என்னுடையது. அண்ணன் போனைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.