வெங்காயத்தின் மேல் போட்ட பழி

ரோசலினின் கண்களைக் கெடுத்தது வெங்காயம் இல்லை. நான்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது மட்டும் ஏன் சுலபமாக இருக்கிறது? நீங்கள் அவளைப் பார்த்ததில்லை என்பதாலா...

தம்புள்ளையில் எனக்கு ஒரு வெங்காய ஸ்டோர் இருக்கிறது. உயரமான தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் அழுகலைப் பிரித்தெடுக்க முடியும். பழைய விளக்குகள் மங்கியபோது, மாத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைட் கடைக்குப் போனேன். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கடைக்காரத் தம்பி ஒரு பல்பை எடுத்துக் காட்டினான்.

"இது பல்ஸ் ஸ்டார்ட் மெட்டல் ஹேலைட், நானா. பழசவிட வெளிச்சம் கூட, லேசுல மங்காது. ஆனா விளக்குக்குக் கீழ இருக்கிற கண்ணாடி மூடியக் கழட்டிராதீங்க. பல்போட வெளிக்கண்ணாடி ஒடஞ்சாலும் உள்ளுக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கும். அந்த வெளிச்சம் வெல்டிங் மாதிரி கண்ணச் சுட்டுரும். ஒடஞ்சா தானா அணையிற வகையும் இருக்கு, கொழும்புல இருந்துதான் எடுக்கணும். கொஞ்சம் பொறுங்களே."

நான் பொறுக்கவில்லை. சீசன் தொடங்கிவிட்டது.

அதோடு விட்டேனா? மூடிகளையும் கழற்றினேன். மூடி இல்லாத வெளிச்சத்தில் வெங்காயம் செக்கச் செவேலென்று மின்னியது. பக்கத்து ஸ்டோருக்குப் போகிற வியாபாரிகள் என் வாசலில் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மழை பிடித்தது. கூரை ஒழுகி, கொதித்துக்கொண்டிருந்த ஒரு பல்பின் மேல் தண்ணீர் சொட்டியது. வெளிக்கண்ணாடி வெடித்து விழுந்தது. பல்பு அணையவில்லை. முன்னைவிட வெள்ளையாக எரிந்தது. வேலைக்காரப் பெண்கள் சாப்பிட்டு வருவதற்குள் துண்டுகளை நானே கூட்டி அள்ளினேன்.

அணைத்திருக்கலாம். ஒரு சுவிட்சுதான். ஆனால் அந்த மூலை இருண்டால் வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள்; புதுப் பல்பு வரும்வரை ஓடட்டும் என்று நினைத்தேன். அந்த மூலையில் உட்கார்ந்து வேலை செய்தவள் ரோசலின். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், சீசனுக்கு மட்டும் தம்புள்ளையில் தங்கி வேலை செய்பவள்.

மறுநாள் கண்கள் சிவந்து வந்தாள். "கண்ணுக்குள்ள மண்ணப் போட்ட மாதிரி இருக்குங்க மொதலாளி."

"வெங்காயத்துல வேல செஞ்சா எரியத்தானே செய்யும் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரித்தேனா? சிரித்தேன்... தலைக்கு மேலே அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பிறகும் அவள் நாள் தவறாமல் அதற்குக் கீழேதான் உட்கார்ந்தாள்.

கழுத்துத் தோல் உரிந்து, கண்ணைத் திறக்கவே முடியாமல் போனபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல முதலாளி என்று பெயர் வாங்கினேன். அவளுக்குச் சிங்களம் சரியாக வராது. டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, வெல்டிங் வேலை நடக்கிற இடத்தில் நிற்பவளா என்று சிங்களத்தில் கேட்டார்.

இல்லை, வெங்காயத்தில் அழுகல் பிரிக்கிறவள் என்று சொன்னேன்.

"டாக்டர் என்னங்க கேட்டாரு மொதலாளி?"

"என்ன வேலன்னு கேட்டாரு."

டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். எவ்வளவு கேவலமான சமாதானம்! ஒரு மனிதனுக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா?

அவள் வேலையை விட்டுவிட்டாள். வெயிலில் கண்ணைத் திறந்தால் இன்றும் நீர் வடிகிறது. கொழுந்து பறிக்கவும் முடியாது. ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். நான் இப்போது அந்தப் பல்பை மாற்றி, மூடிகளையும் மாட்டிவிட்டேன். கேட்பவர்களிடம் தூசிக்காக என்கிறேன்.

போன மாதம் சொல்லிவிட வேண்டும் என்றே இரத்தோட்டைக்குப் போனேன். வாசலில் என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். உட்கார வைத்து, சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள்.

"சம்பலுக்கு வெங்காயம் போடலீங்க மொதலாளி. கண்ணுக்கு ஆகாதுல்ல, வீட்டுக்கே வாங்குறதில்ல. ருசி கொறவாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கங்க."

மன்னிப்பை அவள் என்னிடம் கேட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன்.