கல்லுக்கு மேற்கே மழை லீவு

சந்தைக்கு மாடு கொண்டு போகிறவர்கள் எல்லைக்கல்லில் பூசிவிட்டுப் போன மஞ்சளும் எண்ணெயும் மழைத் தண்ணீரில் கரைந்து ஓடும்போது ஒரு வாடை எழும். மழை வலுத்துவிட்டது என்பதை எங்கள் ஊரில் அந்த வாடையை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் போகும் வழியில் உள்ள சின்ன ஊர். மாவட்ட எல்லை எங்கள் தெருவின் நடுவிலேயே போனது. கல்லுக்குக் கிழக்கே திருச்சி, மேற்கே திண்டுக்கல். எப்போதோ இரண்டு ஜமீன்கள் ஏரித் தண்ணீருக்குச் சண்டை போட்டு நட்ட கல் என்பார்கள் பெரியவர்கள். அதற்கு எழுத்தில் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்கள் அய்யனார் கோயில் குதிரைகளையும், கரட்டின் மேல் கோடையிலும் வற்றாத சுனையையும் பார்க்க வருவார்கள். எங்களுக்கு அதிசயம் அந்தக் கல்தான். சந்தைக்குப் போகிற மாடு வேனில் போனாலும் அங்கே நின்று, சூடம் காட்டிய பிறகுதான் எல்லை தாண்டும். 'கரண்ட் கட்', ரேஷன், 'மழ லீவு' எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே வழக்கம்: வாசல் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துச் சட்டம்.

எங்கள் வாசல் மேற்கே. மேற்கிலிருந்த பள்ளியில் ஏழாவது முடித்து, எட்டாவதுக்கு மணப்பாறையில் சேர்ந்திருந்தேன். வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, உதவித்தொகைப் பரீட்சையில் தேறினால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் தன்னோடு மார்க்கெட்டுக்கு வரட்டும் என்று சொல்லியிருந்தார். பரீட்சை அன்று விடியும்போதே மழை. டிவியில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு லீவு என்றார்கள். நான் மறுபடி போர்த்திக்கொண்டேன். அம்மா கடலை அவிக்க அடுப்பு மூட்டினாள். பரீட்சையைத் தள்ளி வைத்திருப்பார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

எதிர்வீட்டு முருகேசன் யூனிஃபார்மில் குடையோடு வந்து, "ஒனக்கென்னடா, மேக்க பொறந்துட்ட" என்று பொருமிவிட்டுப் போனான். அவன் அம்மாதான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்.

"ஏங்க்கா, தம்பிக்கு இன்னைக்குப் பரீட்சைன்னீங்க?"

"அதான் லீவு விட்டுட்டாங்களே."

"லீவு உங்க வீட்டுக்குங்க்கா. பரீட்ச மணப்பாறையிலல்ல நடக்குது?"

அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, தலைவாராத என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். முருகேசன் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தது. பின்னால் மணப்பாறைச் சந்தைக்கு மாடேற்றிய வேன் ஒன்று வந்தது. டிரைவர் என்னை மாடுகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டார். ஆனால் நாலடி தள்ளியிருந்த கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். சூடம் நமத்திருந்தது. பற்ற வைக்கப் பற்ற வைக்கத் தீக்குச்சி அணைந்தது. சூடம் காட்டாமல் தாண்டினால் மாடு விலை போகாது என்று அவர் அடுத்த குச்சியை எடுத்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்லே மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது, அதுக்குத் தெரியாதாண்ணே? வண்டிய எடுங்க. ஒங்க சூடத்தையும் சேத்து நான் ஏத்துறேன்."

அவர் எடுத்தார். சாண வாடையோடு பரீட்சை அறைக்குள் நுழைந்தேன். கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்த சார் மூக்கைச் சுளித்தாலும், ஜன்னலோர பெஞ்சைக் காட்டினார். தேறினேன். மார்க்கெட்டுக்கு அப்பா தனியாகவே போய்வந்தார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கல்லுக்கு இரண்டு சூடம் ஏற்றினாள், ஒன்று முகம் மறந்துபோன அந்த டிரைவருக்காக.

இப்போது ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். கல்லை எங்கே கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டு வேன்களும் நிற்பதில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஆற்றைத் தாண்டி ஆபீஸ் போய்வருகிறேன். மழைக்காலத்தில் விடிந்ததும் அம்மாவின் போன் வந்துவிடும்.

"டிவியில சொல்றத வச்சுப் படுத்துறாத. ஒன் ஆபீசு எந்தப் பக்கம்னு மொதல்ல பாரு."